சுண்ணாம்பு காயும் முன்னே

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையை முடித்துவிட்டு, காபியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள். சொந்தக்காரர்கள் கடைசிப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது.

என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்த பையன் ஒருவன் வேலை விஷயமாக இஸ்தான்புல் போயிருந்தான். அங்கே ஹாகியா சோபியா என்ற பழைய கட்டடத்தின் சுவரைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சுவர் முழுக்கத் தங்க நிறம். நடுவில் உருவங்கள். கூர்ந்து பார்த்தால் எல்லாமே சின்னச் சின்னச் சில்லுகள். "டீச்சர், மொசைக்னா நம்ம வீட்டுத் தரைன்னுதானே நெனச்சேன். இங்கே சுவர்ல பண்ணியிருக்காங்க. நம்ம ஊர்ல அந்தக் காலத்துல இந்த மாதிரி சுவர் இல்லையா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் போட மனசு வரவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் மொசைக். கொரட்டூரில் வீட்டுவசதி வாரிய வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். சிமெண்டில் சலவைக்கல் சில்லைக் கலந்து போட்டு, அது இறுகிய பிறகு இயந்திரத்தை வைத்து, தண்ணீர் ஊற்றி ஊற்றித் தேய்ப்பார்கள். வீடெல்லாம் சேறு மாதிரி ஓடும். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் தரை வழவழவென்று இருக்கும். எங்கள் வீட்டிலும் அதுதான். சித்திரை வெயிலில் அதன் மேல் வெறும் முதுகோடு படுத்தால் வரும் சுகம் டைல்ஸில் வராது.

ஆனால் அந்தப் பையன் பார்த்த சுவர் மொசைக் வேறு. அங்கே ஒவ்வொரு சில்லையும் ஓர் ஆள் கையால் எடுத்து, அதற்குரிய இடத்தில் வைத்துப் பதித்திருக்கிறார். பெரும்பாலும் விரல் நகத்துக்குள் அடங்கும் அளவுதான். சில சில்லுகள் கல், சில வண்ணக் கண்ணாடி. தங்க நிறச் சில்லைச் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டி, அதற்கு மேல் இன்னொரு மெல்லிய கண்ணாடியை வைத்துச் சூட்டில் சேர்த்துவிடுவார்கள். தங்கம் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். கறுக்காது, உதிராது. சில்லுகளைச் சுவரில் பதிக்கும்போது ஒரே மட்டமாகப் பதிக்க மாட்டார்கள். சிலவற்றைக் கொஞ்சம் சாய்த்து வைப்பார்கள். விளக்கு அசையும்போது ஒவ்வொரு சில்லும் ஒவ்வொரு கோணத்தில் மின்னும். சுவரே மூச்சுவிடுவது போல இருக்கும் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இத்தாலியில் ராவென்னா என்ற ஊரில் சான் விட்டாலே என்ற தேவாலயம் இருக்கிறது. 547ஆம் ஆண்டு அதற்குப் பிரதிஷ்டை நடந்தது. ஜஸ்டினியன் என்ற பேரரசரும் தியோடோரா அரசியும் பரிவாரத்தோடு நிற்கும் மொசைக் அங்கே இன்றும் நிறம் மங்காமல் இருக்கிறது. ஹாகியா சோபியாவும் அதே அரசர் கட்டியதுதான். 532இல் தொடங்கி 537இல் முடித்தார்கள். அதில் இன்று நாம் பார்க்கும் உருவ மொசைக்குகள் அதற்குப் பிந்திய நூற்றாண்டுகளில் பதித்தவை.

இவ்வளவு சில்லுகளையும் சுவரில் பிடித்து வைத்திருப்பது எது? சுண்ணாம்புதான்! சுவரில் இரண்டு மூன்று அடுக்காகச் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். கடைசி அடுக்கை மட்டும் அன்றைக்கு வேலை செய்யப்போகும் இடம் அளவுக்குத்தான் பூசுவார்கள். ஈரத்தோடு இருக்கும்போதே அதன் மேல் உருவத்தைக் கோடாக வரைந்துகொண்டு, காய்வதற்குள் சில்லுகளை அழுத்திவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அந்தப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். "நம்ம ஊர்ல இல்லையா?" என்றுதானே பையன் கேட்டான். இருக்கிறது. நம்மவர்கள் சில்லு பதிக்கவில்லை. ஈரச் சுண்ணாம்பின் மேல் வண்ணத்தையே பதித்தார்கள். தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் இருக்கும் சோழர் கால ஓவியங்கள் அப்படித்தான் வரையப்பட்டவை.

பெரிய கோயிலுக்கு நீங்கள் எல்லாரும் போயிருப்பீர்கள். நந்தியைப் பார்த்திருப்பீர்கள், விமானத்தை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கும். ஆனால் ஓவியம் இருக்கும் இடத்துக்குப் போயிருக்க மாட்டீர்கள். கருவறையைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுவர்கள். அவற்றுக்கு நடுவே ஒரு குறுகலான, இருட்டான சுற்றுப்பாதை. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. அந்தப் பாதையின் சுவர்களில்தான் ராஜராஜ சோழன் காலத்து ஓவியங்கள் இருக்கின்றன. கோயில் 1010இல் முடிந்தது. அதாவது ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வண்ணம்.

எப்படி வரைந்தார்கள்? சுவர் கருங்கல். கருங்கல்லில் நேரடியாக வண்ணம் நிற்காது, தண்ணீரையும் உறிஞ்சாது. அதனால் முதலில் சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தைப் பூசினார்கள். அதற்கு மேல் நைசான சுண்ணாம்பை மெல்லிசாகப் பூசி வழவழப்பாகத் தேய்த்தார்கள். அது ஈரமாக இருக்கும்போதே, தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தூரிகையால் தீட்டினார்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பிரிவில் இருந்த எஸ். பரமசிவன் என்ற அறிஞர் 1930களில் இந்தப் பூச்சை ஆராய்ச்சி செய்து, சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்பில் தீட்டியதுதான் என்று எழுதினார். நம் சென்னையில் இருந்துகொண்டு அந்தக் காலத்திலேயே செய்த வேலை இது. எழும்பூர் போகிறவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஈரத்தில் தீட்டினால் என்ன விசேஷம்?

என்னிடம் அறிவியல் படித்தவர்களே, ஒரு பரிசோதனை நினைவிருக்கிறதா? ஒரு கண்ணாடி டம்ளரில் தெளிந்த சுண்ணாம்பு நீர். அதில் ஒரு உறிஞ்சுகுழலை வைத்து ஒவ்வொருவராக வந்து ஊதுவீர்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால் மாதிரி ஆகிவிடும். நம் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகிறது என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். "உறிஞ்சாதே, ஊது" என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டும்.

தஞ்சாவூர்ச் சுவரில் நடந்ததும் அதே பரிசோதனைதான். சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடும்போது அதில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியே போய்விடுகிறது. சுட்ட கல்லில் தண்ணீர் விட்டால் கொதித்து, பூத்து, நீற்றிய சுண்ணாம்பு ஆகிறது. அதைச் சுவரில் பூசினால், காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக மாறுகிறது. அப்படிக் கல்லாகும் நேரத்தில் மேலே வண்ணப்பொடி இருந்தால் அதையும் உள்ளே பிடித்துக்கொள்ளும். தனியாகப் பசை வேண்டாம், எண்ணெய் வேண்டாம். வண்ணம் சுவரின் மேல் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, சுவரின் தோலாகவே ஆகிவிடுகிறது. கண்ணாடிக்குள் மாட்டிய தங்கம் போலத்தான் இதுவும்.

ஆனால் எல்லா வண்ணமும் சுண்ணாம்பிடம் தாக்குப்பிடிக்காது. சுண்ணாம்பு காரம். மஞ்சள்பொடியில் சுண்ணாம்பு பட்டால் சிவந்துபோகிறதே, ஆரத்தி கரைக்கும்போது பார்த்திருக்கிறீர்களே! அதனால் செடிகொடியிலிருந்து எடுக்கும் பல சாயங்களுக்கு இங்கே இடமில்லை. மண்ணும் கல்லும்தான் நிற்கும். வெள்ளைக்குச் சுண்ணாம்பு, கறுப்புக்குக் கரி, மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண், பச்சைக்கு ஒரு வகைப் பச்சை மண். இப்படிக் கொஞ்ச வண்ணங்களை வைத்துக்கொண்டுதான் அவ்வளவும் வரைந்திருக்கிறார்கள்.

இன்னொன்று, தப்பாக வரைந்தால் அழிக்க முடியாது. பென்சில் இல்லை, ரப்பர் இல்லை. சுண்ணாம்பு காய்வதற்குள் கோடு விழுந்தாக வேண்டும். அந்த இருட்டுப் பாதையில், விளக்கு வெளிச்சத்தில், நகர்ந்து நின்று தூரத்திலிருந்து பார்க்கக்கூட இடம் இல்லாமல், ஆள் உயரத்துக்கு மேல் உருவங்களை வரைந்திருக்கிறார்கள். யார் வரைந்தார்கள் என்று ஒரு பெயரும் இல்லை.

என்ன வரைந்திருக்கிறார்கள் என்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு சுவரில் சுந்தரர் கதை. கல்யாணப் பந்தலுக்கு ஒரு கிழவர் வருகிறார், கையில் ஓலை. "நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இது" என்று கல்யாணத்தை நிறுத்துகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. வந்தவர் சிவபெருமான் என்று பிறகுதான் தெரிகிறது. இந்தக் கதை முழுவதும் சுவரில் இருக்கிறது. மேலே, சுந்தரர் வெள்ளை யானையிலும் அவர் நண்பர் சேரமான் பெருமாள் குதிரையிலும் கைலாயம் போகிறார்கள். கைலாயத்தில் ஆடலும் பாடலும் நடக்கிறது. இதே சுந்தரர்தான் நம் திருமுல்லைவாயிலுக்கு வந்து பதிகம் பாடியவர். கொரட்டூர் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். அவருடைய கதையை ஒரு பேரரசன் தன் கோயிலின் உள்சுவரில் எழுதிவைத்தான் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு பெருமிதம்.

இன்னொரு சுவரில் திரிபுரம் எரித்த கதை. சிவன் தேரில் வில்லோடு நிற்கிறார். தேரோட்டி பிரம்மா. எதிரே அசுரர் கூட்டம். அவர்களின் மனைவிமார் கணவனைப் பிடித்துக்கொண்டு கலங்குகிறார்கள். ஜெயித்தவரை மட்டும் வரையாமல், தோற்கப்போகிறவர் வீட்டுப் பெண்களின் முகத்தையும் அந்த ஓவியர் வரைந்திருக்கிறார். படத்தில் பார்க்கும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும்.

இத்தனை அருமையான ஓவியங்களையும் ரொம்ப காலத்துக்கு யாரும் பார்க்கவில்லை. ஏனென்றால் அவற்றின் மேல் வேறு ஓவியம் இருந்தது. 1532 முதல் 1673 வரை தஞ்சாவூரை நாயக்க மன்னர்கள் ஆண்டார்கள். அவர்கள் காலத்தில் அந்தச் சுவர்களின் மேல் புதிதாகப் பூசி, புது ஓவியம் வரைந்துவிட்டார்கள். சோழர் ஓவியம் அடியில் போய்விட்டது. அப்படி ஒன்று இருந்ததே மறந்துபோனது.

1931 ஏப்ரலில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அந்தச் சுற்றுப்பாதைக்குள் போனார். சில இடங்களில் மேல்பூச்சு உதிர்ந்திருந்தது. உதிர்ந்த இடத்தில் வெறும் கல்லைக் காணோம், வேறு கோடுகள் தெரிந்தன! மேலே இருப்பதைவிடப் பழைய, வேறு கைவண்ணம். சோழர் ஓவியத்தை உலகம் மறுபடி பார்த்தது அப்போதுதான். கண்டுபிடித்தவரும் ஒரு ஆசிரியர் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

இனி இஸ்தான்புல்லுக்கு ஒரு நடை போய்வருவோம். 1453இல் அந்த நகரம் துருக்கியர் கைக்குப் போனது. ஹாகியா சோபியா மசூதி ஆனது. காலப்போக்கில் உருவ மொசைக்குகளின் மேல் சுண்ணாம்பு பூசி மூடினார்கள். 1847 முதல் 1849 வரை அங்கே பழுதுபார்க்கும் வேலை நடந்தது. ஃபொசாட்டி என்ற இரண்டு அண்ணன் தம்பிகள், சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர்கள், பூச்சை நீக்கி மொசைக்குகளைப் பார்த்தார்கள், படம் வரைந்துகொண்டார்கள். சுல்தான் சொன்னபடி மறுபடியும் மூடிவிட்டார்கள். பிறகு தாமஸ் விட்டமோர் என்ற அமெரிக்கர் துருக்கி அரசிடம் அனுமதி வாங்கி, அந்தப் பூச்சை மெதுவாக நீக்கும் வேலையில் இறங்கினார். எந்த வருஷம் தெரியுமா? அதுவும் 1931தான்.

ஒருவருக்கு ஒருவர் தெரியாது. ஒருவர் தஞ்சாவூரில், ஒருவர் இஸ்தான்புல்லில். ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் மூடிய சுவருக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார்கள். இதை நான் முதல்முதலில் கவனித்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னேன். "சரிம்மா, சாம்பார் கொதிக்குது" என்றாள் மருமகள்.

ஒரு முக்கியமான விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டு இடத்திலும் மூடியது சுண்ணாம்புப் பூச்சு. அது கீழே இருந்ததை மறைத்தது, ஆனால் காப்பாற்றியும் கொடுத்தது. விளக்குப் புகையும் ஈரமும் கைபடுவதும் மேல்பூச்சோடு நின்றுவிட்டன.

ஆனால் இஸ்தான்புல்லில் இல்லாத ஒரு சிக்கல் தஞ்சாவூரில் இருந்தது. அங்கே மேலே இருந்தது பெரும்பாலும் வெறும் பூச்சு. நீக்கினால் பெரிய நஷ்டமில்லை. இங்கே மேலே இருப்பதும் ஓவியம், 400 வருஷப் பழமை. சோழரைப் பார்க்க வேண்டும் என்று நாயக்கரைச் சுரண்டி எறியலாமா? இந்திய தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் இதற்கு ஒரு வழி கண்டார்கள். மேலே இருந்த நாயக்கர் ஓவியத்தை அதன் பூச்சோடு சேர்த்துப் பக்குவமாகப் பெயர்த்து எடுத்து, கண்ணாடி இழைப் பலகைகளில் பொருத்தினார்கள். இப்படி 16 ஓவியங்கள். கீழே சோழர் ஓவியம் வெளியே வந்தது, மேலே இருந்ததும் வீணாகவில்லை. பெயர்த்த ஓவியங்களைக் கோயில் வளாகத்திலேயே தனி மண்டபத்தில் வைத்தார்கள். சோழர் ஓவியங்களின் படங்களும் அங்கே உண்டு. நான் போனபோது அரைமணி நேரம் நின்று பார்த்தேன். அந்த நேரத்தில் உள்ளே வந்தவர்கள் நான்கு பேர். அதில் இருவர் மின்விசிறிக்காக வந்தவர்கள்.

பையனுக்கான பதில் இங்கே முடிந்தது. இனி சொந்தக்காரர்களுக்கு.

நம் ஊர்க் கோயில் திருப்பணி பற்றிக் குடும்பக் குழுவில் எல்லாரும் படித்திருப்பீர்கள். கோயில் பெயரை இங்கே எழுதவில்லை, உங்களுக்குத் தெரியும். பாலாலயம் ஆகிவிட்டது, நன்கொடை வசூல் நடக்கிறது. நானும் என்னால் ஆனதைக் கொடுத்திருக்கிறேன். அம்மன் சந்நிதிக்கு முன்னால் இருக்கும் மண்டபத்தின் விதானத்தை யாராவது அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? எண்ணெய்ப் புகையும் கற்பூரப் புகையும் படிந்து கன்னங்கரேலென்று இருக்கும். சின்ன வயதில் அப்பாயி என்னைத் தூக்கிக் காட்டி, "அங்க பாரு, ரதம் போவுது" என்பார். எனக்கு ஒன்றும் தெரியாது. போன மாசம் போனபோது டார்ச் அடித்து செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரதம் இருக்கிறது. சிவப்புக் கோட்டில் சக்கரம், குதிரையின் கால்கள், குடை பிடித்த ஒரு கை. எந்தக் காலம் என்பதை விவரம் தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சொல்லட்டும். என் அப்பாயிக்கு அவருடைய அப்பாயி காட்டியது என்பது மட்டும் நிச்சயம்.

ஒப்பந்தக்காரர் கொடுத்த திட்டத்தில் அந்த விதானத்துக்கு என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? ஆசிட் ஊற்றிக் கழுவி, பிரைமர் அடித்து, மேலே எனாமல் பெயின்டில் அஷ்டலட்சுமி வரைவதாக.

திருப்பணிக் குழுவில் இருக்கும் பெரியப்பா மகனிடம் பேசினேன். "அண்ணே, அதைக் கழுவ வேண்டாம்ணே" என்றேன்.

"ஏன் தங்கச்சி? கும்பாபிஷேகத்துக்கு நாலு ஊர் சனம் வரும். அண்ணாந்து பாத்தா கரியா இருந்தா என்ன சொல்லும்? தஞ்சாவூர்ல நாயக்கரே பழசு மேல புதுசு வரைஞ்சாங்கன்னு நீதானே அன்னைக்குச் சொன்னே? அவங்க செஞ்சா வரலாறு, நாங்க செஞ்சா தப்பா?"

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. கோயில் அருங்காட்சியகம் இல்லை. அங்கே தினமும் பூஜை நடக்கிறது, விளக்கு எரிகிறது, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் நடக்க வேண்டும். அழுக்காகக் கிடக்கட்டும் என்று கொரட்டூரில் உட்கார்ந்துகொண்டு நான் சொல்வது எளிது. ஊரில் இருந்து வெயிலில் அலைந்து வசூல் பண்ணுகிறவர் அவர். அதனால் பதிலை யோசித்துத்தான் சொன்னேன். அதையே உங்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்.

நாயக்கர் காலத்தவர் மூடியது சுண்ணாம்பால். சுண்ணாம்பின் மேல் சுண்ணாம்பு. அதனால் கீழே இருந்தது பிழைத்தது, 300 வருஷம் கழித்தும் பிரித்து எடுக்க முடிந்தது. நாம் செய்யப்போவது அதுவல்ல.

ஆசிட் என்ன செய்யும்? இதுவும் உங்களுக்கு நான் வகுப்பில் காட்டியதுதான். முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டு வைத்தோமே, குமிழ் குமிழாக வந்து ஓடு கரைந்ததே! முட்டை ஓடும் கால்சியம் கார்பனேட், அந்த விதானத்தின் பூச்சும் கால்சியம் கார்பனேட். எலுமிச்சைச் சாறு மெதுவாகச் செய்ததை ஆசிட் கண்ணெதிரில் செய்யும். சுண்ணாம்பு காற்றிலிருந்து இழுத்து வைத்திருந்த கார்பன் டை ஆக்சைடு நுரையாகப் பொங்கி வெளியே போகும். அதோடு ரதமும் போகும். கரி மட்டும் போய் ஓவியம் நிற்காது.

எனாமல் என்ன செய்யும்? அது பிளாஸ்டிக் உறை மாதிரி மூடிக்கொள்ளும். மேல்தளத்தில் மழைநீர் இறங்கினால் சுண்ணாம்பு அந்த ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும். எனாமல் விடாது. ஈரம் உள்ளேயே நின்று, உப்பு பூத்து, பெயின்ட் கொப்பளம் கட்டி, பாளம் பாளமாகப் பெயரும். பெயரும்போது அடியில் இருக்கும் பூச்சின் தோலையும் இழுத்துக்கொண்டு வரும். பத்து வருஷத்தில் அஷ்டலட்சுமியும் இருக்காது, ரதமும் இருக்காது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "குழுவுல ஒரு வார்த்தை வைக்கிறேன். ஆனா நான் ஒருத்தன் சொன்னா எடுபடாது. நன்கொடை கொடுத்தவங்க நாலு பேர் சொல்லணும்" என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதனால்தான் எழுதுகிறேன். நன்கொடை கொடுத்த நாலு பேர் நீங்கள்தான்.

குழுவிடம் கேட்க வேண்டியவை இவ்வளவுதான்:

ஆசிடும் வேண்டாம், தண்ணீர் பீய்ச்சுவதும் வேண்டாம், உப்புத்தாள் தேய்ப்பதும் வேண்டாம். கரியோடு இருந்தால் இருக்கட்டும். கரியைப் பிறகு எடுக்கலாம், போன வண்ணத்தைத் திரும்ப வைக்க முடியாது.

முதலில் மேல்தளத்தின் ஒழுகலை அடைக்கட்டும். விதானத்துக்கு மேலே செய்யும் அந்த வேலைதான் ஓவியத்துக்கு முதல் வைத்தியம். திட்டத்தில் அது கடைசியில் இருக்கிறது. முதலில் வரட்டும்.

அறநிலையத் துறை அதிகாரியிடம், மண்டப விதானத்தில் பழைய ஓவியம் இருக்கிறது என்று எழுத்தில் கொடுக்கட்டும். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். என் படங்களை இணைத்துக்கொள்ளலாம். ஓவியம் பாதுகாக்கத் தெரிந்தவர்கள் வந்து பார்க்கும் வரை அந்த இடத்தை மட்டும் விட்டுவைக்கட்டும். மற்ற வேலை தடையில்லாமல் நடக்கட்டும்.

அஷ்டலட்சுமி வேண்டும் என்று நேர்ந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மனசும் நோகக் கூடாது. புதிதாகக் கட்டும் முன்மண்டபத்தில் எட்டு பேருக்கும் தாராளமாக இடம் இருக்கிறது. அங்கே வரையட்டும். முடிந்தால் சுண்ணாம்புப் பூச்சின் மேல் வரையட்டும். நம் பேரன் பேத்திகள் அண்ணாந்து பார்க்க அதுவும் இருக்கட்டும்.

செலவு கூடும் என்று யாராவது சொன்னால், அந்த விதானத்துக்கு ஒதுக்கிய ஆசிட், பிரைமர், எனாமல் செலவு மிச்சம் என்று சொல்லுங்கள். ஒன்றும் செய்யாமல் விடுவதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

சென்னையில் இருக்கும் என் பிள்ளைகளுக்கும் ஒன்று. தஞ்சாவூர் தூரம் என்றால் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலுக்குப் போங்கள். ராஜசிம்ம பல்லவன் கட்டியது, 1,300 வருஷம் ஆகிறது. சுற்றுமதிலின் உள்பக்கம் சின்னச் சின்னக் கோயில்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் சிலவற்றின் சுவரில் பல்லவர் ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. ஒரு கண், ஒரு கிரீடம், ஒரு தோள். கையால் தொடாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். குழந்தைகளைத் தூக்கிக் காட்டுங்கள்.

சொந்தக்காரர்கள் சனிக்கிழமைக்குள் குடும்பக் குழுவில் உங்கள் கருத்தை எழுதிவிடுங்கள். "சம்மதம்" என்ற ஒரு வார்த்தை போதும். வெறும் கைகூப்பிய படம் போட்டால் அண்ணனால் அதைக் கூட்டத்தில் படித்துக் காட்ட முடியாது.

கூட்டத்தில் என்ன முடிவானது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கொரட்டூர்